எச்சில் காற்று

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடி.
கடல் இங்கிருந்து மூவாயிரம் அடி கீழே.
அங்கே உட்கார்ந்துதான்
மாற்று மூச்சுக்கு விலை பேசினோம்,
அடுத்த மாதம் பயிற்சியாளர் தேர்வுக்குப் போகும்
பெள்ளியப்பாவும் நானும்.

முர்தசா கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.
மஞ்சள் குழாயில் ஆக்டோபஸ்.
எட்டுக்கால் பெயர், ஒற்றைக் கால்.
ஜாக்கெட் ஊதும் குழலோடு ஒட்டிப் பிறந்தது இன்னொன்று:
ஒரு குழாய் மிச்சம்,
ஆனால் கழுத்தைத் திருப்பினால் கூடவே வராது.
பிறகு அந்தச் சின்னது,
ரப்பர் கயிற்றில் தாடைக்கடியில் தொங்குவது.
இதை வாங்கினால்
வாயில் கடித்திருப்பதை, நீளக் குழாயோடு,
அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு
தொங்குவதை நாம் கவ்விக்கொள்ள வேண்டும்.

"தாலி மாதிரி இருக்கு" என்றான் பெள்ளியப்பா.
தாலியை யாரும் அவசரத்துக்குக் கடிப்பதில்லை என்றேன்.

கடித்ததைக் கொடுப்பதாவது.
மஞ்சளே போதும், தனியாக, சுத்தமாக,
விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த தட்டு மாதிரி.
இ.எம்.ஐ. உண்டா என்று கேட்டேன்.
மூச்சுக்குமா என்று சிரித்தார் முர்தசா.
உண்டு. ஆறு மாதம்.

சனிக்கிழமை, சர்ஜாபூர் ரோட்டில்
ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல்குளம்.
டேங்கர் தண்ணீர், பன்னிரண்டு அடி,
தரையில் ஒரு ஹேர்பேண்டும் பிய்ந்த பிளாஸ்திரியும்.
கடையிலிருந்து இரவல் வாங்கிய மஞ்சள் என் நெஞ்சில்.
காற்று தீர்ந்த மாணவி வேஷம் ஜோவிட்டாவுக்கு.
கழுத்தை அறுப்பதுபோல் கை காட்ட வேண்டும்,
மஞ்சளை எடுக்க வேண்டும்.
பத்து தடவை அப்படித்தான் எடுத்தாள்.
பதினொன்றில் அவள் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர்.

கண்ணுக்கு முன்னால் மஞ்சள்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
குமிழி எங்கிருந்து வருகிறதோ
அங்கே கை வைத்தாள்.

என் வாய் காலி.
மூச்சை அடக்காதே என்பது முதல் பாடம்.
சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே துழாவினேன்.
அவள் முழங்கை பட்டுக் கிளிப்பிலிருந்து நழுவி
சிலிண்டருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது விருந்தாளித் தட்டு.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு,
ஐந்தில் அகப்பட்டது.

அத்தனை நேரமும்
என் பல்தடம் பதிந்த ரப்பரை அவள் கடித்திருந்தாள்.
கண் இரண்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டிலில் யாரும் வாய் வைப்பதில்லை,
அண்ணாந்துதான்.
ஆபீஸில் என் கப்பை யாரோ எடுத்த நாள்
கழுவிப் பார்த்தேன், மறுபடி கழுவினேன்,
பிறகு புதுக் கப் வாங்கிவிட்டேன்.

மேலே வந்து இருமி முடித்ததும்
"ஸாரி, நடிக்கத்தான் போனேன்" என்றாள் ஜோவிட்டா.

திங்கட்கிழமை அந்தத் தாலியை வாங்கினேன்.
பெள்ளியப்பா மஞ்சள்தான் வாங்கினான்,
வாடகை செட்டு முழுக்க அதுதான்,
மாணவர்கள் அதைத்தான் பார்த்துப் பழகுவார்கள் என்றான்.
அதிலும் தப்பில்லை.

அடுத்த ஞாயிறு,
தூசி மூடியை இறுக்கி,
குளோரின் போகப் பால்கனி வாளியில் ஊறப்போட்டிருந்தேன்.
துணி காயப்போட வந்த முனிலட்சுமி குனிந்து பார்த்தாள்.
"என்னக்கா இது, ஷவரா?"
"தண்ணிக்கடியில மூச்சு விட."
"ரெண்டு எதுக்கு?"
"ஒண்ணு எனக்கு. ஒண்ணு யாருக்காவது."
எடுத்து வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.
"காத்தே வரலையே."
சிலிண்டரில் மாட்டினால்தான் வரும் என்றேன்.

ஓ, என்று சொல்லிவிட்டு
முந்தானையால் இரண்டு தரம் துடைத்தாள்,
வாளியில் ஒருமுறை முக்கினாள்,
மறுபடி துடைத்து என்னிடம் நீட்டினாள்.

சமையலறை ஜன்னல் மேடையில்
அவளுடைய டம்ளர்,
கழுவிக் கவிழ்த்தபடி, தனியாக.